பதினொரு விநாடி

அக்டோபர் 6, திங்கள்

மறுபடியும் முதலிலிருந்து. போன ஏப்ரலில் செஷன் தேர்வில் நான் தோற்றதற்குக் கோமதி மேடம் எழுதிய காரணம் ஒரே வரி: "சண்முகவடிவு ஆலோசனை தரவில்லை, வகுப்பு எடுத்தார்." பதினொரு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள் வேறு என்னத்தை எடுப்பாள்? முப்பத்தொன்பது வயதில் வேலையை விட்டுவிட்டு, மனநல ஆலோசகர் ஆகப்போகிறேன் என்று பாளையங்கோட்டைக்கு வந்து, சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெரியண்ணன் இன்றைக்கும் போனில் கேட்டான்: "ஏட்டி, அடுத்தவன் பேசுறதக் கேக்கதுக்கு ரெண்டு வருசப் படிப்பா? நம்ம கடையில வந்து உக்காரு, ஊரே வந்து பேசும்." போனை வைத்துவிட்டேன்.

இது கடைசி வாய்ப்பு. இரண்டாம் முறையும் தோற்றால் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். தேறினால்தான் பதிவு எண். எண் இருந்தால்தான் ஓர் அறைக்கு வெளியே என் பெயரை எழுதி மாட்டலாம். அந்தப் பலகையை நான் மனசுக்குள் எப்போதோ மாட்டிவிட்டேன்.

தேர்வு முறை போன தடவை போலத்தான். இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருத்தி ஆலோசகர், ஒருத்தி ஆலோசனைக்கு வரும் கிளையன்ட். கிளையன்ட் ஆகிறவள் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, அதில் உள்ள ஆளாக நடிக்க வேண்டும். ஐந்து முறை பழக்கம், ஆறாவது முறை ரிக்கார்டர் ஓடும். பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி ஒரு வாரத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு வெர்பேட்டிம் என்று பெயர். தாளில் மூன்று கட்டம்: கிளையன்ட் சொன்னது, ஆலோசகர் சொன்னது, அந்த நேரத்தில் ஆலோசகர் மனசில் ஓடியது. நடுவில் ரிக்கார்டரை நிறுத்தினாலோ, நடிப்பை விட்டு வெளியே வந்தாலோ அந்த முயற்சி செல்லாது.

எனக்குக் கிளையன்ட்டாகப் பியூலா கிடைத்திருக்கிறாள். அதிர்ஷ்டம்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

பியூலா சாயர்புரத்துப் பிள்ளை. வயது இருபத்து மூன்று. விடுதியில் எனக்கு அடுத்த அறை. வகுப்பிலேயே நன்றாகக் கேட்கிறவள் அவள்தான். நாம் பேசினால் நம் முகத்தைப் பார்ப்பாள், போனைப் பார்க்க மாட்டாள்.

ஆகஸ்டில் அவளுக்கு ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போனபோது அவளிடம் வந்த ஒரு கல்லூரி மாணவி, ஒரே ஒரு செஷனுக்கு வந்தவள், மூன்றாம் நாள் உயிரை மாய்த்துக்கொண்டாள். துறையில் விசாரணைக் கூட்டம் போட்டார்கள். பியூலாவின் வெர்பேட்டிமை எல்லோர் முன்னும் வாசித்தார்கள். மூன்றாவது கட்டத்தில் அவள் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள்: "மணி ஒன்றரை. எனக்குப் பசித்தது. சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று நினைத்தேன்." அதையும் வாசித்தார்கள். கடைசியில் அவள் மேல் தவறில்லை என்றுதான் முடிவு சொன்னார்கள். ஒரு வாரம் லீவு கொடுத்தார்கள். யாரும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டாம், தானாக ஆறட்டும் என்று எங்களிடம் சொன்னார்கள். நாங்களும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மூன்றாவது கட்டத்தில் வகுப்பு மொத்தமும் "கவனமாகக் கேட்டேன்" என்றுதான் எழுதுகிறது. என்னையும் சேர்த்துத்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

முதல் பழக்கம். பியூலா எடுத்த அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: "ஆண், 45 வயது. வேலைக்குப் போவதில்லை. வீட்டில் சொல்லவில்லை." மீதியை அவளே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "எம்பேரு தங்கராசு மேடம். பஸ் டிரைவரு." அப்புறம் ஒரு கதை சொன்னாள் பாருங்கள், அசந்துபோனேன். தங்கராசு ஓட்டின வண்டியில் ஒரு பெண்பிள்ளை அடிபட்டுச் செத்துப் போகிறாள். விசாரணையில் தங்கராசு மேல் குற்றமில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் அவனால் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. தினமும் காக்கிச் சட்டை போட்டு, சோற்றுப் பொட்டலத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறான்.

முடிந்ததும், "எப்படிட்டி இதெல்லாம் தோணுது ஒனக்கு? சினிமாவுக்குப் போயிரு" என்றேன். சிரித்தாள். "நீங்க நடுவுல நாலு தடவ புத்தி சொன்னீங்கக்கா. எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அடப்பாவி.

அக்டோபர் 14, செவ்வாய்

இரண்டாவது பழக்கம். இன்றைக்கு இரண்டு தடவைதான் புத்தி சொன்னேன். மேடம் எனக்குத் தந்திருக்கும் பாடம் மௌனம். கிளையன்ட் பேச்சை நிறுத்தினால் மனசுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், அதற்குமுன் வாய் திறக்கக் கூடாது. எனக்கு நாலுக்கு மேல் போனாலே நாக்கு அரிக்கிறது.

தங்கராசு சொன்னான்: "எல்லாரும் ஒம்மேல தப்பில்லன்னு சொல்லுதாங்க மேடம். தப்புன்னு யாராவது சொன்னா, இல்லன்னு சண்ட போடலாம். தப்பில்லன்னா நான் யார்கிட்டப் போயிச் சண்ட போட?"

எவ்வளவு நல்ல வசனம்! அறைக்கு வந்து குறித்து வைத்துக்கொண்டேன்.

மெஸ்ஸில் ரசம் வெந்நீர்தான். பியூலா சாப்பிடவே வரவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தலைக்குக் குளித்தேன், துணி துவைத்தேன், மழை வந்து எல்லாம் பாழ்.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளிக்கு வீட்டுக்குப் போய்விட்டுப் புதன்கிழமை வந்தேன். பியூலா ஊருக்குப் போகவில்லை, விடுதியிலேயே இருந்திருக்கிறாள். தீபாவளி அவள் வீட்டில் கிடையாதுதான், ஆனாலும் நாலு நாள் லீவில் இந்த மெஸ் சாப்பாட்டைத் தின்றுகொண்டு யாராவது இருப்பார்களா? கேட்டதற்குப் "படிக்கதுக்கு இருக்குக்கா" என்றாள். அம்மாவுக்கு ஞாயிறு தோறும் போன் பண்ணி, எல்லாம் நல்லா போகுது என்று சொல்வது சுவர் வழியாக எனக்கே கேட்கும்.

மூன்றாவது பழக்கம் நேற்று முடிந்தது. ஒரு தடவை ஒன்பது வரை எண்ணிவிட்டேன்!

இன்றைக்கு எழுத்துத் தேர்வுக்குப் படித்தது: தற்கொலை அபாய அறிகுறிகள். தூக்கம் கெடுதல், சாப்பாடு குறைதல், ஆட்களிடமிருந்து ஒதுங்குதல், தனக்குப் பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், விட்டுப்போன காரியங்களை முடித்து வைத்தல், பல நாள் சோர்வுக்குப் பிறகு திடீரென்று தெளிவு. ஆறையும் விரல் விட்டு ஒப்பித்தேன். பியூலாதான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்த்தாள். ஒன்றைக்கூட விடவில்லையாம்.

அப்புறம் அவளுடைய குடையை எனக்குக் கொடுத்தாள். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்டது, அவளுடைய அக்கா வாங்கிக் கொடுத்தது. "நீங்க நனஞ்சுகிட்டே வாரீங்கக்கா. எனக்கு வேண்டாம், வச்சுக்கோங்க." நல்ல குடை. வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 29, புதன்

நாலாவது பழக்கம். தங்கராசு இன்றைக்கு, "வீட்டுல எல்லாத்தையும் ஒதுங்க வச்சிட்டேன் மேடம். யாருக்கும் கஷ்டம் இருக்காது" என்றான். இந்த இடத்தில் நேராகக் கேள்வி கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று, சுற்றி வளைக்காமல். ஆனால் அந்தக் கேள்விக்குத்தான் மார்க் அதிகம். ரிக்கார்டர் ஓடாத நாளில் கேட்டு வீணாக்குவானேன்? ஆறாவது செஷனுக்கு வைத்துக்கொண்டேன்.

பியூலாவிடம் சொன்னேன். "அந்தக் கேள்விய அன்னைக்குக் கேக்கேன், நீயும் அன்னைக்கு நல்லா பதில் சொல்லு, என்ன?"

"சரிக்கா. அன்னைக்கே கேளுங்க" என்றாள்.

நவம்பர் 4, செவ்வாய்

ஐந்தாவது பழக்கம். இரண்டு பேருக்கும் திருப்தி. புத்தி ஒன்றுகூடச் சொல்லவில்லை.

பியூலா இப்போது தேறிவிட்டாள். இந்த வாரம் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், வார்டன் மாதிரி நடந்து காட்டிச் சிரிக்க வைக்கிறாள். நூலகப் புத்தகங்கள் ஏழையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு வருஷ நோட்டுகளையும் என் மேஜையில் கொண்டுவந்து அடுக்கினாள். "என் கையெழுத்து ஒங்களுக்குப் புரியும்லா?" கோழி கிறுக்கின மாதிரி எழுதுகிற எனக்கு அவள் கையெழுத்து புரியாமலா போகும்! மனசு நிறைந்துபோயிற்று. தானாக ஆறட்டும் என்று சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

தேர்வு முடிந்தது. நாற்பது நிமிஷம். கேள்வியைக் குரல் நடுங்காமல் நேராகக் கேட்டேன். பாதுகாப்புத் திட்டம் போட்டேன். கடைசியில் தொகுத்துச் சொன்னேன். பத்து வரை எண்ணினேன், ஒரு தடவை பதினொன்றுகூட. நிச்சயம் தேறிவிடுவேன்.

ஒரே ஒரு இடத்தில் பியூலா கொஞ்சம் தடுமாறினாள். சமாளித்துவிட்டேன்.

வெளியே வந்ததும், "நல்லா வந்துச்சாக்கா?" என்று கேட்டாள். "சூப்பர்ட்டி!" என்று கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு சில்லென்று இருந்தது. ஏசி அறை.

நவம்பர் 7, வெள்ளி

பியூலா மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். தூத்துக்குடி பஸ் ஏறும்வரை கூட நின்றேன். "போயிட்டு வாரேன்க்கா" என்றுகூடச் சொல்லாமல், "நீங்க கண்டிப்பா பாஸ் ஆயிருவீங்க" என்று மட்டும் சொன்னாள். என்ன பிள்ளையோ.

திரும்பும் வழியில் ஒரு கால் கிலோ அல்வா வாங்கினேன். முழுதும் நானே தின்றேன். நெஞ்சு கரிக்கிறது.

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து ரிக்கார்டரைக் காதில் மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். முன்னால் ஓட்டு, பின்னால் ஓட்டு, எழுது. இருபத்து மூன்றாவது நிமிஷத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். துணி எடுத்து மடித்தேன். அலமாரியைத் துடைத்தேன். மறுபடி உட்கார்ந்து எழுதினேன். அந்த இடத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

தங்கராசு: அந்தப் பிள்ள ரோட்டக் கடக்கையில என்னைய ஒரு தடவ பாத்துச்சு மேடம். பாத்துட்டு, செருப்ப வாசல்ல கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்து உக்காந்துச்சு. ஒண்ணுமில்ல, தலவலிதான்னு சொல்லுச்சு. நானும் எழுதிக்கிட்டேன், தலவலின்னு.

(மௌனம், பதினொரு விநாடி.)

ஆலோசகர்: அந்த ரோட்டில் நடந்ததை இப்போது நினைக்கும்போது உங்கள் உடம்பில் என்ன தோன்றுகிறது, தங்கராசு?

(மௌனம், நான்கு விநாடி.)

தங்கராசு: கை நடுங்குது மேடம்.

அப்புறம் ஐந்து நிமிஷம் கழித்துக் கேள்வி. "தங்கராசு, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" "வருது மேடம்." "எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறீர்களா?" "யோசிச்சிருக்கேன்." "அந்த எண்ணம் அதிகமானால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" "ஒங்களத்தான் கூப்பிடணும். வேற யாரு இருக்கா?" "என்னைத் தவிர, வீட்டில் யாராவது?" "ஒங்களத் தவிரன்னா... அம்மா." நாற்பத்தைந்து வயது டிரைவர், பெண்டாட்டி பிள்ளை உள்ளவன், அம்மா என்கிறான். நான் "அம்மா, மிகவும் நல்லது" என்று அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

முதல் கட்டம் ஆயிற்று. இரண்டாம் கட்டம் ஆயிற்று. மூன்றாவது கட்டத்தில் அந்தப் பதினொரு விநாடிக்கு எதிரே எழுதினேன்: "கிளையன்ட் தன் உணர்வோடு இருக்கட்டும் என்று மௌனத்தை அனுமதித்தேன்."

மேடம் முதல் பத்து நிமிஷமும் கடைசி ஐந்து நிமிஷமும்தான் கேட்பார், தாளிலும் அவ்வளவுதான் படிப்பார் என்று சீனியர்கள் சொல்வார்கள். நடுவில் என்ன இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? திங்கள் பியூலா திரும்பி வந்ததும் மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டே நாள்தானே.

நவம்பர் 9, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு மெஸ்ஸுக்குப் போனேன். சமையல்கார இசக்கியம்மா இட்லி வைத்துக்கொண்டே, "அந்தச் சாயர்புரத்துப் பிள்ள படிப்ப முடிச்சிட்டாளாம்மா?" என்று கேட்டாள். ஏன் என்றேன். "வெள்ளிக்கிழம தேய்ப்புப்பெட்டி, வாளி, போர்வ, எல்லாத்தையும் எனக்குத் தந்துட்டுப் போச்சு. புதுப் போர்வம்மா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். விரல் விட்டு ஒப்பித்தேனே, ஆறு! அவள் கையாலேயே புத்தகத்தைப் பிடிக்க வைத்து ஒப்பித்தேனே! ஐயோ, நான் என்ன மனுஷி?

மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். வீட்டில் யாருமில்லை, எல்லோரும் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள், தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாளாம். தூரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது.

"பியூலா, நீ சாகணும்னு நெனைக்கியா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. நான் எண்ணவில்லை. அப்புறம் கேட்டாள்.

"ரிக்கார்டர் ஓடுதாக்கா?"

"இல்லட்டி. ஓடல."

"தங்கராசுவக் கேக்கீங்களா, என்னையக் கேக்கீங்களா?"

"ஒன்னத்தாம்ளா கேக்கேன்! ஒன்னையத்தான்!"

"அப்ப, ஆமாக்கா" என்றாள். இன்றைக்கா என்றேன். இன்றைக்குத்தான் என்றாள். அம்மா வருவதற்குள்ளே என்றாள்.

நான் படித்த ஒரு வாக்கியமும் வாயில் வரவில்லை. "எந்திரி. வாசக் கதவத் தொறந்து போடு. போன வைக்காத. வெளியப் படியில வந்து உக்காரு. வெயில் படுற எடத்துல உக்காரு" என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுவதுபோல அதட்டினேன். வகுப்பு எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் நடப்பது கேட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அழுதாள். அந்தக் கல்லூரிப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். செருப்பின் வார் ஒன்று அறுந்து ஊக்கு குத்தியிருந்ததாம், அதைக் கவனித்த தனக்கு முகத்தைப் பார்க்கத் தெரியவில்லையாம். கூட்டத்தில் தன் பசியைச் சத்தமாக வாசித்தபோது யாரோ தொண்டையைச் செருமினார்களாம். அது யார் என்று இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறாளாம்.

அது நான்தான். சளி பிடித்திருந்தது. சொன்னேன். "நீங்களாக்கா?" என்று கேட்டு, அழுகைக்கு நடுவே ஒரு மாதிரி சிரித்தாள்.

ஐம்பத்திரண்டு நிமிஷம் கழித்து அவள் அம்மா ஞானசுந்தரி கோயிலிலிருந்து திரும்பினார். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், அவள் அறையில் இருப்பதையெல்லாம் அப்புறப்படுத்துங்கள், இப்போதே கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், நான் வாசலில் நிற்கிறேன் என்றேன். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்றார். மத்தியானம் ஒன்றரைக்குச் சேர்த்தோம்.

நவம்பர் 10, திங்கள்

சாயங்காலம் ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். மருந்து மயக்கத்தில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "பாஸாக்கா?" என்றாள். இன்னும் தாளே கொடுக்கவில்லை என்றேன். "குடுத்துருங்க. அத வீணாக்கிராதீங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே ஞானசுந்தரி அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம்பிள்ளைய நீங்கதான் காப்பாத்திக் குடுத்தீங்க டீச்சர். நான் சாகுற வரைக்கும் ஒங்களுக்காக ஜெபம் பண்ணுவேன்." துறையிலும் இதே பேச்சுதான். சின்னப் பிள்ளைகள் எல்லாம் வந்து என் கையைக் குலுக்குகிறார்கள். நான் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நவம்பர் 12, புதன்

தாளைக் கொடுக்க நாளைக்குக் கடைசி நாள். நேற்று முழுதும் மூன்றாவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை அந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்:

"இது தங்கராசு இல்லை, பியூலா என்று எனக்கு இந்த இடத்தில் தெரிந்துவிட்டது. நடிப்பை நிறுத்தினால் என் முயற்சி செல்லாமல் போகும் என்று யோசித்தேன். யோசித்து முடிக்கப் பதினொரு விநாடி ஆயிற்று. பிறகு ரோட்டைப் பற்றிக் கேட்டேன்."

கோமதி மேடம் அறையிலேயே வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"இதை எழுதாம இருந்திருந்தா நீ பாஸ், வடிவு."

"தெரியும் மேடம்."

"எழுதினதால பியூலாவுக்கு என்ன கிடைக்கப் போகுது?"

"தெரியல மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அன்றைக்குக் கூட்டத்தில் பியூலாவின் தாளை வாசித்தது தான்தான் என்றார். அது எனக்குத் தெரியும், நானும் அங்கே இருந்தேன். "அந்தப் பசி வரியத் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். பிறகு தாளின் மேல் "முயற்சி செல்லாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருவரில் யார் நடிப்பை விட்டு வெளியே வந்தாலும் செல்லாது, விதி அப்படி. மாத முடிவுக்குள் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். பலகையாம் பலகை.

அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. அவன் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், சந்தோஷப்பட்டுவிடுவானோ என்றுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

இன்றைக்கு வார்டுக்குப் போயிருந்தேன். பியூலா தூங்கிக்கொண்டிருந்தாள். ஞானசுந்தரி அம்மா வெளிப் பெஞ்சில் எனக்கு இடம் ஒதுக்கி உட்கார வைத்தார். தூக்குவாளியில் எனக்கென்று தனியாகச் சோறும் குழம்பும் கொண்டுவந்திருந்தார். பிள்ளை காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள் என்றார். டாக்டர் இன்னும் மூன்று வாரம் ஆகும் என்கிறாராம். ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டேதான் பேசினார்.

"ஒரே ஒரு விஷயந்தான் டீச்சர் மனசு ஆறமாட்டேங்கு. வாரா வாரம் எங்கிட்டப் பேசுனா. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னே சொன்னா. பெத்தவகிட்டச் சொல்ல மாட்டா, சரி. ஒங்ககிட்ட முன்னாடியே ஏதாவது வாய் விட்டுச் சொன்னாளா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மா நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்து கொடுத்திருப்பார். நானும் காப்பாற்றினவளாகவே ஊருக்குப் போயிருப்பேன்.

"சொன்னாம்மா. நாலு வாரமாச் சொல்லிக்கிட்டே இருந்தா. நடிக்கிறான்னு நெனச்சேன். போன வாரம் வியாழக்கிழம நடிப்பு இல்லன்னும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சு?"

"பரீட்ச நடந்துக்கிட்டு இருந்துச்சும்மா. நிறுத்துனா நான் பெயிலு. நிறுத்தல."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. வியாழன், வெள்ளி, சனி என்று மனசுக்குள் நாட்களை எண்ணியிருப்பார் போல. என் கையை மெதுவாக விட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் முகத்தில் கோபமே வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போலக் கேட்டார்:

"இதுக்குன்னே படிக்கிறவங்க ஒங்ககிட்டச் சொல்லியும் கேக்கலன்னா, எம்பிள்ள வேற யார்கிட்டப் போயிச் சொல்லணும் டீச்சர்?"

எழுந்து போக முடியவில்லை. பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.